பிரித்தானியர் காலக் கொழும்பு: துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிறுவனங்களும்



யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ புகையிரதத்தில் கொழும்புக்கு வந்தால் நீங்கள் இறங்குமிடம் கோட்டைப் புகையிரத நிலையம். வெளியே வந்து சுற்றிப் பார்த்தால் கோட்டையைக் காணமுடியாது. மதிலும் இல்லை, அகழியும் இல்லை. நிலையம்கூட உண்மையில் புறக்கோட்டைப் பக்கத்திலேயே அமைந்துள்ளது. அப்படியானால் கோட்டை எங்கே போயிற்று? இந்த வினாவுக்கு விடை தெரிந்தால் இப்பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் கொழும்பில் கோட்டை அமைத்தனர். நீண்ட முற்றுகைக்குப் பின் 1656 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் நகரை இரண்டாகப் பிரித்தனர். மதிலுக்கு உள்ளே கம்பனியின் நிர்வாகமும் படையும். மதிலுக்கு வெளியே மக்கள் குடியிருப்பும் கடைத்தெருவும். கோட்டைக்குப் புறத்தே இருந்தது புறக்கோட்டை. பெயரிலேயே வரலாறு இருப்பதால் இதனை மனனம் செய்யத் தேவையில்லை. கொம்பனித்தெருவும் அப்படியே, அது கம்பனி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கம்பனி தனது அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடமும் அப்பகுதியே. ஆங்கிலத்தில் அவ்விடத்தை நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தமைக்குக் காரணம் அதுதான்.

ஒல்லாந்தரின் கட்டடங்களில் இரண்டை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ஒன்று, 1757 இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம். மற்றையது, கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை. நோயுற்ற மாலுமிகளைக் கப்பலிலிருந்து இலகுவாகக் கொண்டுவருவதற்காகத் துறைமுகத்துக்கு அருகிலேயே இதனைக் கட்டினர். புனரமைக்கப்பட்டு 2011 முதல் உணவகங்களும் கடைகளும் அங்கே இயங்குகின்றன.

மதில்கள் ஏன் இடிக்கப்பட்டன?

1796 இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. 1815 இல் கண்டி இராச்சியமும் வீழ்ந்தது. உள்நாட்டிலிருந்து படையெடுத்து வர இனி எவரும் இல்லை. மறுபுறத்தில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகியது. வங்கிகளுக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கும் களஞ்சியங்களுக்கும் கோட்டைக்குள் இடம் போதவில்லை. ஆகவே 1869 இல் மதில்களை இடிக்கத் தொடங்கினர். இன்று அவற்றில் சில துண்டுகளே எஞ்சியுள்ளன. பாதுகாப்புக்கான நகரம் வர்த்தகத்துக்கான நகரமாக மாறியமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விடை எழுதும்போது இந்த ஆண்டைத் தவறவிடாதீர்கள்.

அதே 1869 இல் சுயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வரும் கடற்பாதை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் குறுகியது. அக்காலத்தில் தபால் நீராவிக் கப்பல்கள் தரித்த முக்கிய துறைமுகம் கொழும்பு அன்று, காலியே. ஆனால் காலித் துறைமுகத்தில் நீருக்கடியில் பாறைகள் இருந்தன. கொழும்பிலோ வேறொரு குறைபாடு. அது திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை கரைவரை அடிக்கும். பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, வள்ளங்களில் பொருள்களை ஏற்றி இறக்கினர்.

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அரசாங்கம் கொழும்பைத் தெரிவு செய்தது. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடத் தொடங்கிய புகையிரதம் 1867 இல் கண்டியை எட்டிவிட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். கோப்பி மலையிலிருந்து நேரே கொழும்புக்கு வந்துகொண்டிருக்க, அதனைக் காலிக்கு அனுப்புவதில் பொருளில்லை. 1875 இல் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் ஜோன் கூட் திட்டமிட்ட இவ்வணையின் வேலை சுமார் பத்தாண்டுகள் நடைபெற்றது. அணை எழ எழக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன. ஒரு நகரத்தின் வளர்ச்சி இன்னொரு நகரத்தின் தேய்வு என்பதைப் பல மாணவர்கள் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

இலை நோயினால் கோப்பி அழிந்தபோதும் துறைமுகம் படுத்துவிடவில்லை. கோப்பி ஏறிய அதே கப்பல்களில் தேயிலை ஏறியது.

துறைமுகம் வளர்த்த நிறுவனங்கள்

கப்பல் வந்தால் பயணிகள் தங்க விடுதி வேண்டும். காலிமுக விடுதி 1864 இலும், துறைமுக வாயிலில் கிராண்ட் ஓரியன்டல் விடுதி 1875 இலும் எழுந்தன. கப்பலுக்கு வழிகாட்ட வெளிச்சம் வேண்டும். கோட்டையில் 1857 இல் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்திலேயே 1867 இல் வெளிச்சவீடும் அமைக்கப்பட்டது. சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் வெளிச்சத்தை மறைத்தமையால் 1952 இல் அது கைவிடப்பட்டது. அதனை வடிவமைத்தவர் தேசாதிபதி ஹென்றி வார்ட்டின் மனைவி என்பது சிறு தகவலாயினும் சுவையானது.

நிர்வாகத்துக்கும் கல்விக்குமான நிறுவனங்களும் இங்கேயே குவிந்தன. கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி 1833 இல் உருவான சட்டநிரூபண சபை, இன்று வெளிவிவகார அமைச்சு இயங்கும் கட்டடத்தில் கூடியது. 1930 இல் காலிமுகத்திடலின் அருகே புதிய கட்டடத்துக்குச் சென்றது. பின்னர் அரசாங்க சபையும் 1982 வரை பாராளுமன்றமும் கூடிய அக்கட்டடமே இன்றைய சனாதிபதி செயலகம். பின்னாளில் றோயல் கல்லூரியாகிய கொழும்பு அக்கடமி 1835 இலும், மருத்துவக் கல்லூரி 1870 இலும், தேசாதிபதி வில்லியம் கிறகரியின் முயற்சியால் நூதனசாலை 1877 இலும் தோன்றின. நூதனசாலையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற இலங்கை முஸ்லிம் ஒப்பந்தகாரர். கட்டியவரின் பெயரையும் எழுதிப் பழகுங்கள்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆட்சியாளரின் கட்டடங்கள். வழிகாட்டி நூல்கள் பல இத்துடன் நின்றுவிடுகின்றன. அது போதாது என்பது எனது கருத்து. புறக்கோட்டைக்குள் நடந்து பாருங்கள். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பிரித்தானிய வங்கிகளில் கடன் பெற்று, அவ்வங்கிகள் நம்பாத உள்ளூர் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தனர். வங்கியின் கதவு திறக்காத இடத்தில் செட்டியாரின் கதவு திறந்தது. வட்டியும் அதற்கேற்ப இருந்தது. அங்கிருந்து புறப்படும் ஆடிவேல் அவர்கள் தொடக்கி வைத்த விழாவே. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டுவித்தவர்கள் இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள்.

மூட்டை சுமந்தவர்களுக்குக் கட்டடம் இல்லை. அவர்களுக்கு இருந்தது சங்கம். 1922 இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1923 இல் பொது வேலைநிறுத்தமும், 1927 இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும், 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. துறைமுகம் ஒரு நாள் நின்றால் தேயிலையும் நிற்கும் என்பதைத் தொழிலாளர் நன்கறிந்திருந்தனர். துறைமுக நகரிலேயே தொழிற்சங்க இயக்கம் முதலில் வலுப்பெற்றமைக்கான காரணத்தை இதிலிருந்து நீங்களே எழுதலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கொழும்புக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டமைக்கான இரு காரணங்களைத் தருக.

2. காலித் துறைமுகம் முக்கியத்துவம் இழந்தமையைப் புகையிரதப் பாதை, சுயஸ் கால்வாய், அலைதடுப்பு அணை ஆகியவற்றுடன் தொடர்புபடுத்தி விளக்குக. (மூன்றையும் தனித்தனியே விவரித்துவிட்டு நிறுத்தவேண்டாம். ஒன்று மற்றொன்றுக்கு எவ்வாறு வழிவகுத்தது எனக் காட்டுக.)

3. புறக்கோட்டையிலுள்ள ஓர் இடத்தைத் தெரிவு செய்து, அதனை உருவாக்கியவர்கள் யார், அவர்கள் ஏன் கொழும்புக்கு வந்தனர் என்பதை எழுதுக.