வெயிலில் வண்டி கழுவலாமா?

கழுவிய சரக்கு வண்டியில் வெள்ளைப் புள்ளிகள் படிவது ஏன்? பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. வெயிலில் சுட்ட தகட்டில் நீர் சட்டென ஆவியாகும். உப்பு மட்டும் தங்கும். நாள்பட விட்டால் பெயிண்டின் பளபளப்பு போகும். முன்கண்ணாடியில் படிந்தாலோ, எதிர்வெளிச்சத்தில் ஓட்டுநருக்குப் பாதை மங்கும். இது விபத்துக்கு வழி.

கவனிக்க வேண்டியவை:

1. கடை திறக்கும் முன்போ, வெயில் தாழ்ந்த பின்போ, நிழலில் நிறுத்திக் கழுவவும். தகடு கைக்குச் சுடாத அளவு ஆறியிருக்க வேண்டும்.

2. வெயிலில்தான் கழுவ வேண்டுமெனில், மேலிருந்து கீழாகச் சிறுசிறு பகுதியாகக் கழுவவும். சோப்பு நீர் காயுமுன் அலசி, அந்தப் பகுதியை உடனே மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லவும்.

3. பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே சிறந்தது.

4. புதுக்கறைக்கு, நம் கடையில் உள்ள வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, ஆறிய தகட்டில் துணியால் ஒற்றித் துடைத்து, உடனே நல்ல நீரால் அலசவும். தேங்காய் நாரால் தேய்த்தால் கீறல் விழும்.

கடையின் பெயரைத் தாங்கி ஊர் சுற்றும் வண்டி, நமது நடமாடும் பெயர்ப்பலகை அல்லவா? அதைப் பளிச்சென வைத்திருப்போம்!