அறிவிப்பும் வாய்மையும்

மனிதன் தனித்து உழைக்கலாம், தனித்துப் படிக்கலாம், தனித்துப் பாடவும் கூடும். ஆயின், தனித்து நின்று கூட்டிசை நிகழ்த்துதல் எவர்க்கும் இயலாது. குழலும் யாழும் முழவும் மிடறும் ஒன்றோடொன்று இயைந்த வழியே கூட்டிசை பிறக்கும். அவற்றுள் ஒன்று குறையின் ஏனையவை சிறந்திருந்தும் பயன் இல்லை. அக்குறையை நிரப்பத் தக்க ஒருவரை நாடி அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. அழைக்கும் சொல் பிழைபடுமாயின், வரவேண்டியவர் வாரார். வேறு நோக்கம் உடையவர் வந்து ஏமாந்து திரும்புவர். ஆதலின், அறிவிப்பு எழுதுதலும் நாம் கற்றுத் தெளிய வேண்டிய ஒரு கலையே ஆகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், வையையாற்றின் வடபால் அமைந்த ஊர் விளாங்குடி. பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நகரமும் நாட்டுப்புறமும் கலந்து விளங்கும் அவ்வூரில் இளைஞர் ஐவர் ஓர் இசைக்குழு அமைத்தனர் என்று கொள்வோம். அவர்கள் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஒருவன் கல்லூரி மாணவன், ஒருவன் மின்பணியாளன், ஒருவன் மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவன், ஒருவன் பேருந்துப் பணிமனையில் தொழில் பயில்பவன், மற்றொருவன் வேலை தேடிக்கொண்டிருந்தவன். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு வீட்டின் மாடியிற் கூடிப் பாடுதல் அவர்களது வழக்கம். ஆர்மோனியமும் புல்லாங்குழலும் கித்தாரும் டோலக்கும் அவர்களிடம் இருந்தன.

வேலை தேடியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. டோலக்கு வாசித்தவன் அவனே. அவன் தன் கருவியோடு ஊரை விட்டுச் சென்றான். எஞ்சிய நால்வரும் அடுத்த ஞாயிறன்று பாடத் தொடங்கினர். பாட்டின் நடை ஓரிடத்தில் விரைந்தது, ஓரிடத்தில் தளர்ந்தது. குழல் ஒருபுறமும் ஆர்மோனியம் ஒருபுறமும் சென்றன. தாளம் இன்றிக் கூட்டிசை இல்லை என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர். உடனே ஒரு தாளை எடுத்துப் பின்வருமாறு எழுதினர்:

"புகழ்பெற்ற இசைக்குழுவிற்கு ஆள் தேவை. திறமையும் அனுபவமும் மிக்க டோலக் கலைஞர் உடனே அணுகவும். நல்ல எதிர்காலம் உண்டு."

இதனைப் படி எடுத்துத் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்தின் அருகிலும் ஒட்டினர். கீழே ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது.

மூவர் பேசினர். முதலாமவர், "ஒரு கச்சேரிக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று வினவினார். ஊதியம் இல்லை என்றதும் இணைப்பைத் துண்டித்தார். இரண்டாமவர் தேர்ந்த கலைஞர். அவர் நேரில் வந்து ஒரு பாட்டைக் கேட்டார், புன்முறுவல் பூத்தார், மீண்டும் வரவில்லை. மூன்றாமவர் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் நெடுந்தொலைவிலிருந்து வந்து, பூட்டிய கதவைக் கண்டு திரும்பினார். பயிற்சி நாள் ஞாயிறு என்பது அறிவிப்பில் இல்லையே! இளைஞர் நால்வரும் சோர்வுற்றனர்.

அவ்வீட்டின் கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவரிடம் சென்று தம் குறையைக் கூறினர். அவர் அறிவிப்பை வாங்கிப் படித்தார்.

"தம்பிகளே, இதனை நீங்கள் யாருக்கு எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

"டோலக் வாசிப்பவருக்கு, ஐயா" என்றனர்.

"இல்லை, உங்களை நீங்களே புகழ்ந்துகொள்ளவே எழுதியிருக்கிறீர்கள். வருபவன் அறிய வேண்டுவது எதுவும் இதில் இல்லை. நீங்கள் யாவர்? எங்கே, எப்பொழுது கூடுகிறீர்கள்? எத்தகைய பாடல்களைப் பாடுகிறீர்கள்? வருபவன் எவ்வளவு தேர்ச்சி உடையவனாதல் வேண்டும்? ஊதியம் உண்டா, இல்லையா? இவ்வினாக்களுக்கு விடை கூறாத அறிவிப்பு, முகவரி எழுதாத கடிதத்தை ஒக்கும்" என்றார் ஆசிரியர்.

பின்னர் அவர் பழந்தமிழ் நூல்களிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டினார். மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரத்து இந்திர விழா முரசறைந்து அறிவிக்கப்படுகின்றது. யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைவோன் வெறும் புகழுரை கூறி அமைந்தானல்லன். விழா இருபத்தெட்டு நாள் நிகழும் என்பதை மக்கள் அறிகின்றனர். தெருக்களிற் புதுமணல் பரப்ப வேண்டும் என்பதையும், பகைவரைக் காணினும் பூசலிடாது அகல வேண்டும் என்பதையும் அவன் கூறுகின்றான். எத்தனை நாள், என்ன செய்தல் வேண்டும், எதனைத் தவிர்த்தல் வேண்டும் என்பன கேட்போர்க்கு ஐயமின்றி விளங்குகின்றன. நல்ல அறிவிப்பின் இலக்கணம் இதுவே.

இனிச் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்கு வேண்டும் தகுதிகளைத் தனித்தனியே எடுத்துரைக்கின்றார். தண்ணுமையாசிரியனைக் குறித்து அவர் கூறுவது நாம் எண்ணி மகிழத் தக்கது. பிற கருவிகளின் இசை குறையும் இடத்தை அவன் நிரப்ப வேண்டும். மிகும் இடத்தை அடக்க வேண்டும். தன் கருவியின் ஒலி பிறவற்றை விஞ்சாதவாறு காத்தல் வேண்டும். 'திறமை மிக்கவன்' என்று ஒரு சொல்லில் முடியாது, அத்திறமை இன்னது என வரையறுத்துக் கூறியமை காண்க.

உலகின் பிற நாடுகளிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1968-ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பிரையன் மே என்பவர், தம் நண்பரோடு சேர்ந்து கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். ஜிஞ்சர் பேக்கர், மிட்ச் மிட்செல் என்னும் புகழ்மிக்க முழவுக் கலைஞர்களைப் போன்று வாசிப்பவர் வேண்டும் என்பதே அதன் கருத்து. தமக்கு வேண்டிய வாசிப்பு எத்தகையது என்பதை அவர்கள் இரண்டு பெயர்களாற் புலப்படுத்தினர். அதன் பயனாகப் பல் மருத்துவம் பயின்ற ரோஜர் டெய்லர் வந்து சேர்ந்தார். அவ்விருவரும் 1970-ஆம் ஆண்டில் உருவான 'குயீன்' என்னும் குழுவில் இடம்பெற்று உலகப் புகழ் எய்தினர்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நிகழ்ந்தது வேறு வகையானது. 1976-ஆம் ஆண்டில், பதினான்கு வயதுடைய லாரி மல்லன் என்னும் மாணவர், இசைக்குழு அமைக்க விரும்புவோர் வரலாம் என்று தம் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதினார். மாணவர் சிலர் அவருடைய வீட்டுச் சமையலறையிற் கூடினர். அவர்களுள் தேர்ந்த கலைஞர் எவரும் இலர். ஆயினும், அன்று கூடியவர்களிற் சிலரைக் கொண்டே 'யூ டூ' என்னும் புகழ்மிக்க குழு பின்னாளில் உருவாயிற்று. தேர்ந்தவர் வேண்டுமாயின் அதனைத் தெளிவாகக் கூறுக. தொடக்க நிலையினராயின் அதனை நாணாது கூறுக. இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது இதுவே.

ஆசிரியர் கூறியவற்றைக் கேட்ட இளைஞர், அறிவிப்பை மீண்டும் எழுத அமர்ந்தனர். 'புகழ்பெற்ற' என்னும் சொல்லை முதலில் நீக்கினர். 'நல்ல எதிர்காலம்' அடுத்து நீங்கிற்று. எந்தக் கருவி என்னும் இடம் வந்தபொழுது தயக்கம் உண்டாயிற்று.

"டோலக் ஒன்றையே ஏன் கேட்கிறீர்கள்? உங்களுக்கு வேண்டுவது தாளம் அன்றோ?" என்றார் ஆசிரியர்.

"தபேலா, தவில் என்றும் எழுதலாம், ஐயா" என்றான் ஒருவன்.

"பறை?"

நால்வரும் ஒருவரையொருவர் நோக்கினர். "பறை துக்க வீட்டிற்கு உரியது என்பார்கள், ஐயா. அதனைச் சேர்த்தால் நம்மை விழாக்களுக்கு அழைக்க மாட்டார்கள்" என்றான் மற்றொருவன்.

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, பறைதல் என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன?" என்றார்.

"சொல்லுதல், ஐயா."

"ஆம். அறிவிப்புக்கும் அக்கருவிக்கும் தமிழில் ஒரே சொல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருளாக வைத்தார். ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பறை இருந்தது. உழவர்க்கும் ஆயர்க்கும் மீனவர்க்கும் தனித்தனிப் பறைகள் இருந்தன. பின்னாளில் நாம் அதனை அடித்தவரைத் தாழ்த்தினோம். அவர் கையிலிருந்த கருவியையும் தாழ்த்தினோம். ஊரார் செய்தியையெல்லாம் அவரே தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொன்னார். அவரைக் குறித்து நல்ல செய்தி சொல்வார் இல்லை. அத்தண்டோரா முறையை நிறுத்துமாறு 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்திற்று. இப்பொழுது நீங்கள் ஓர் அறிவிப்பு எழுதுகிறீர்கள். அதில் அவருக்கு இடம் உண்டா, இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்.

அன்று இரவு நெடுநேரம் அவர்கள் தம்முள் வாதிட்டனர். முடிவில் அறிவிப்பு இவ்வாறு அமைந்தது:

"விளாங்குடியில் ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை கூடிப் பாடும் நண்பர் நால்வர் நாங்கள். நாட்டுப்புறப் பாடல்களும் பழைய திரைப்படப் பாடல்களும் பாடுகின்றோம். எங்களிடம் ஆர்மோனியம், புல்லாங்குழல், கித்தார் உள்ளன. தாளக் கருவி வாசிப்பவர் ஒருவர் வேண்டும். டோலக், தபேலா, தவில், பறை எதுவாயினும் நன்று. நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். எளிய தாளங்களை நடை பிறழாமல் வாசிப்பவராயின் போதும். ஆண், பெண் இருபாலரும் வரலாம். இதில் ஊதியம் இல்லை, நாங்களும் பெறுவதில்லை. விரும்புவோர் மாலை 7 மணிக்கு மேல் கீழ்க்காணும் எண்ணில் பேசுக."

இம்முறை அவர்கள் கண்ட சுவரில் எல்லாம் ஒட்டவில்லை. பொது இடங்களின் தோற்றத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆதலின், நூலகத்திலும் தேநீர்க் கடையிலும் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையிலும் உரியவரின் இசைவு பெற்று ஒட்டினர்.

பத்து நாள் கழிந்தபின் ஒருவன் மட்டும் வந்தான். மரப்பட்டறையில் பணிபுரியும் இளைஞன் அவன். தோளில் பறை தொங்கிற்று.

"முதல் அறிவிப்பையும் தேநீர்க் கடையில் நான் படித்தேன், அண்ணா. அது என்னைக் குறிப்பதன்று என்று எண்ணிச் சென்றுவிட்டேன். இதில் 'பறை' என்று இருந்தது, வந்தேன். ஆயினும் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான் வாசிக்கலாம். விழாவிற்கு அழைப்பு வந்தால் அங்கும் நான் வரலாமா?" என்றான்.

சிறிது நேரம் எவரும் விடை கூறவில்லை. ஆர்மோனியம் வாசிப்பவன் எழுந்து, "நீ வராத விழாவிற்கு நாங்களும் செல்ல மாட்டோம்" என்றான்.

வந்தவன் மாடியின் ஓரத்தில் சிறிது வைக்கோலை எரித்துப் பறையைக் காய்ச்சினான். தோல் இறுகியது. மெல்லிய நெடுங்குச்சியை ஒரு கையிலும், தடித்த குறுங்குச்சியை மற்றொரு கையிலும் பற்றி வாசிக்கத் தொடங்கினான். முதற்பாட்டில் பறையொலி ஆர்மோனியத்தை முற்றும் மறைத்தது. அதனை அவனே உணர்ந்து சற்று விலகி நின்றான், அடியை மென்மையாக்கினான், குழல் ஓயும் இடங்களில் மட்டும் ஒலியை உயர்த்தினான். கீழே அமர்ந்து கேட்ட ஆசிரியர்க்குச் சிலப்பதிகாரத்துத் தண்ணுமையாசிரியன் நினைவுக்கு வந்தான்.

இரண்டு திங்கள் சென்றன. ஒரு புதுமனை புகுவிழாவிற்கு அழைப்பு வந்தது. நல்ல தொகையும் தருவதாகக் கூறினர். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்திருந்தது. அத்தொகையைக் கொண்டு அதனைச் செப்பனிட்டிருக்கலாம். ஆனால், அழைத்தவர், "பறை மட்டும் வேண்டா" என்றார். நால்வரும் பணிவோடு மறுத்துவிட்டனர். துருத்தி மேலும் சில திங்கள் ஓட்டையோடே இருந்தது.

மாணவர்களே! அறிவிப்பு என்பது ஓர் அழைப்பு மட்டும் அன்று. அது ஒரு வாக்குறுதியும் ஆகும். இல்லாததை உண்டு என்று எழுதுவது பொய். உள்ளதை மறைப்பதும் பொய்யே. எழுதிய ஒன்றைப் பின்னர்க் காவாது விடுவது அவற்றினும் கொடியது. நீங்களும் பள்ளியில் விளையாட்டுக் குழுவிற்கோ நாடகக் குழுவிற்கோ ஆள் வேண்டி அறிவிப்பு எழுத நேரிடலாம். அப்பொழுது நாள், இடம், தகுதி, பயன் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். எழுதி முடித்தபின், இதனைப் படித்துவிட்டு, 'இது எனக்கு அன்று' என்று வீணே திரும்பிச் செல்பவர் எவரேனும் உளரோ என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லைச் சேர்த்தால் அவர் உள்ளே வருவாராயின், அச்சொல்லைச் சேர்க்கத் தயங்காதீர்கள்.