குருதி காட்டும் குறிகள்

நோயை அறிவிக்கும் அடையாளங்களைக் குறிகள் என்பர். காய்ச்சலும் முகவாட்டமும் கைக்கும் கண்ணுக்கும் புலனாவன. குருதியை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தாலன்றிப் புலனாகாத குறிகளும் உள. அவற்றுள் புற்றுநோயோடு தொடர்புடையனவற்றைப் புற்றுநோய்க் குறிகாட்டிகள் என்று வழங்குகின்றோம். மார்பிலே தோன்றி எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை முதலிய உறுப்புகளுக்குப் பரவிய புற்றுநோயில் இக்குறிகாட்டிகள் உரைப்பன யாவை, உரையாதன யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. ஆதலின் இது வைத்தியர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரிசோதனைத் தாளைக் கையிற் பெற்று, அதிலுள்ள ஓரெண்ணைக் கண்டு துயிலிழக்கும் குடும்பங்கள் உள. அவ்வீடுகளிற் கற்றோர் பலர் இருப்பர். அவ்வெண்ணின் பொருளறிந்தோர் சிலரே.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1840களில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் இலண்டன் வைத்தியர், என்பு மச்சைப் புற்றுநோயாளர் ஒருவரின் சிறுநீரிற் புதுமையான ஒரு புரதத்தைக் கண்டார். முதலாவது குறிகாட்டி அதுவே என்பர். 1965ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரிற் கோல்ட், பிரீட்மன் என்னும் இருவர், பெருங்குடற் புற்றுநோய் இழையத்திலே சீ.ஈ.ஏ. என்னும் பொருளைக் கண்டறிந்தனர். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகையான பிறபொருளெதிரிகளை வேண்டியவாறு ஆக்கும் முறையை வகுத்தனர். அதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். அம்முறையின் பயனாகவே சீ.ஏ. 15-3 என்னும் பரிசோதனை உருவாயிற்று.

சீ.ஏ. 15-3 அளப்பது யாது? மார்புச் சுரப்பிக் கலங்களின் மேற்பரப்பில் மியூசின் வகைப் புரதமொன்று இயல்பாகவே உண்டு. புற்றுநோய்க் கலங்கள் இதனை மிகையாக ஆக்கிக் குருதியிற் சிந்துகின்றன. நலமுள்ளோரிடம் இதன் அளவு பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 30 அலகுகளின் கீழ் நிற்கும். இவ்வெல்லை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது வேறுபடும்.

இனி, தமிழிலிருந்து ஓர் உவமை கூறுதும். மா என்பது ஓரெழுத்தொருமொழி. அது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும், அரைத்த மாவையும் குறிக்கும். வாக்கியத்தில் வைத்து நோக்கினாலன்றி அதன் பொருள் துணிதல் இயலாது. குறிகாட்டியும் அத்தகையதே. ஈரல் அழற்சியும் ஈரல் சிதைவும் சீ.ஏ. 15-3இன் அளவை உயர்த்தக்கூடும். புகைப்பிடிப்போரிடம் சீ.ஈ.ஏ. உயர்ந்திருத்தல் உண்டு. நோய் பரவியிருந்தும் குறிகாட்டி உயராதவரும் உளர்.

மேலும், புதிய சிகிச்சை தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில், சிகிச்சை பயனளிக்கும்போதே எண் உயர்தல் கூடும். அழியும் கலங்கள் தம்முள் உள்ளதைக் குருதியிற் சொரிவது இதற்கொரு காரணமாகக் கூறப்படும். எடுத்துக்காட்டாக, 60ஆக இருந்த அளவு மூன்றாம் வாரத்தில் 85ஆகிப் பன்னிரண்டாம் வாரத்தில் 40ஆகத் தாழலாம். இடையிலுள்ள எண்ணை மட்டும் கண்டு, மருந்து தோற்றது என மனமுடைந்து சிகிச்சையைக் கைவிடுபவர், தமக்குப் பயன் தந்த மருந்தையே இழந்தவராவர். குறைந்த எண்ணைக் கண்டு புதிய வலியை மறைப்பதும் அதுபோலவே தீதாம்.

ஆயின் இப்பரிசோதனையாற் பயனில்லையோ எனின், உண்டு. பரவிய நோயின் போக்கைத் தொடர்ந்து அறிய, சிறப்பாக எலும்பிற் பரவிய நோயைப் படங்களால் அளத்தல் அரிதாகுமிடத்து, இது துணைபுரியும். நோயாளி கூறுவது, வைத்தியர் உடலிற் காண்பது, படங்கள் காட்டுவது ஆகிய மூன்றோடும் சேர்த்தே இதனைக் கொள்ளல் வேண்டும். இதனை மட்டும் கொண்டு சிகிச்சையை மாற்றலாகாது என்பதே புற்றுநோய் வைத்தியர்தம் பொதுவான கருத்து. தொடக்க நிலையிலுள்ள நோயைக் கண்டுபிடிக்க இஃது உதவாது. அதற்கு மார்புப் பரிசோதனையே வழி. சுகவனிதையர் கிளினிக்குகளில் அதனைச் செய்துகொள்ளலாம்.

குருதிக் குறிகாட்டி வேறு, இழையத்தின் குறிகாட்டி வேறு என்பதும் அறியத்தக்கது. ஈஸ்திரோஜன் வாங்கி, ஹெர்-2 ஆகியவை கட்டியின் துணுக்கிலே சோதிக்கப்படுவன. முன்னது நோயின் போக்கை உரைக்கும். பின்னவை எம்மருந்து பொருந்தும் என்பதை உரைக்கும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வைத்தியர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டில் மகரகமையிலும், 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து நிதி திரட்டியதன் பயனாகத் தெல்லிப்பழையிலும் வைத்தியசாலைகள் உள. பரவிய நோயை முற்றாக நீக்குதல் இன்றும் அரிதே. எனினும் அதனை ஆண்டுக்கணக்கில் அடக்கி வாழ்வோர் பலர். அவர்க்கு வேண்டுவது பொறுமையும் தெளிவுமாம்.

மாணவர்காள்! உங்கள் இல்லத்தில் அன்னைக்கோ பெரியம்மாவுக்கோ இப்பரிசோதனை செய்ய நேரின், இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திற் செய்வியுங்கள். தாள்களைத் திகதி வரிசையிற் கோவைப்படுத்தி, சிகிச்சை தொடங்கிய நாளையும் குறித்து வைத்து, வைத்தியர் முன் வையுங்கள். எண்ணைக் கண்டதும் முடிவு கூறாதீர்கள். நோயாளியின் முன் நின்று தாளை வாசிப்பவரின் முகமும் அவருக்கு ஒரு குறியே.