பாட வகுப்பிலேயே ஆங்கிலம் பேசவும் எழுதவும் வைப்பது எப்படி?

அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளுக்கு அறிவியல் புரிந்திருக்கும், விடையும் தெரிந்திருக்கும். ஆனால் எழுந்து நின்று சொல்ல வாய் வராது. அதை ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் ஒதுங்கிவிட முடியாது. 'பிகாஸ்' போட்டுக் காரணம் சொல்லும் வேலை தினமும் நடப்பது அறிவியல் வகுப்பில்தான். ஆகவே அதைப் பழக்கவேண்டிய இடமும் அதுதான்.

முதலில், பாடக்குறிப்பு எழுதும்போதே ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். மணி அடிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஆவியாதல் பாடத்துக்கு இப்படி: 'தி வாட்டர் இன் தி பிளேட் டிரைட் ஃபாஸ்டர் பிகாஸ் இட்ஸ் சர்ஃபேஸ் ஏரியா இஸ் லார்ஜர்.' இதற்குத் தேவையான நாலைந்து சொற்கள் போதும், பாடத்திலுள்ள எல்லாக் கலைச்சொல்லும் வேண்டாம்.

அடுத்து, சோதனையைச் செய்யவிட்டுத் தமிழிலேயே பேசவிடுங்கள். ஒரே அளவு தண்ணீரைத் தட்டிலும் டம்ளரிலும் ஊற்றி வெயிலில் வைத்தால், எது முதலில் காயும், ஏன் காயும் என்று அவர்களே வாதாடுவார்கள். தமிழில் தெளிந்த கருத்துக்கு ஆங்கிலம் தேடுவது எளிது. தெளியாததை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

பிறகு வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பலகையில் எழுதி, கோடிட்ட இடத்தைப் பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். முதலில் தனியாக யோசித்து, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்து, அதன்பின் வகுப்புக்குச் சொல்லட்டும். 1981-இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முன்வைத்த முறை இது. அறுபது பேர் முன் பேசக் கூசும் பிள்ளையும் ஒருவரிடம் பேசிவிடும். கேள்வி கேட்டதும் மூன்று விநாடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், சற்றுப் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே கண்டறிந்தார்.

எழுத்துக்குப் போகும் இடத்தில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'திஸ் ஒன் டிரைட் ஃபர்ஸ்ட்' என்றால் எல்லோருக்கும் புரியும். அதையே நோட்டில் எழுதினால், படிப்பவருக்குத் தட்டு தெரியாது. அதனால் சாக்பீஸை நீங்கள் பிடித்துக்கொண்டு, வாக்கியத்தைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிப் பலகையில் எழுதுங்கள். 'எது?' என்று கேளுங்கள், 'தி பிளேட்' வரும். 'தட்டா காய்ந்தது?' என்றால் 'தி வாட்டர் இன் தி பிளேட்' வரும். 'எதைவிட?' என்றால் 'தேன் தி வாட்டர் இன் தி டம்ளர்'. பேச்சு எழுத்தாக மாறுவதை அவர்கள் கண்ணெதிரே பார்ப்பார்கள். இதைப் பார்க்காமல் நேரே 'பத்தி எழுது' என்றால் கைடைப் பார்த்து எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

கணக்கில் வேறு சிக்கல். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் பிள்ளைகள் 5−x என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஐந்து முதலில் காதில் விழுவதுதான் காரணம். 'எக்ஸைவிட ஐந்து குறைவு' என்று தமிழில் சொல்லவைத்தால் x−5 தானாக வரும்.

திருத்தும்போது முதலில் பாடக்கருத்தைப் பாருங்கள், அதன்பின் ஒரே ஒரு மொழிப்பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தி' விட்டுப்போனதற்கெல்லாம் சிவப்பு மை வேண்டாம். பொருள் மாறும் பிழைக்கு வட்டம் போடுங்கள்.

பொறுமை மிகவும் வேண்டும். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தாலும் பாடத்துக்கான ஆங்கிலத்தில் சகமாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். அவர்களைச் சுற்றித் தெருவெங்கும் ஆங்கிலம் இருந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு வகுப்பறை மட்டுமே.

பருவத் தொடக்கத்தில் எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒருமுறை உட்கார்ந்து, 'டிஃபைன்', 'எக்ஸ்பிளெயின்', 'கம்பேர்' என்று வினாத்தாளில் வரும் ஏவல்களுக்கு எப்படிப்பட்ட விடை வேண்டும் என்று பேசி முடிவெடுங்கள். அந்தப் பட்டியல் எல்லா வகுப்புச் சுவரிலும் ஒரே மாதிரி தொங்கட்டும்.