உபயோகமற்ற ஈயப் பாட்டரிகளை விற்கும் முறை

(வேங்கிக்கால் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

இக்காலத்தில் நமது கிராமங்களில் டிராக்டர், லாரி முதலிய யந்திரங்கள் பெருகியிருப்பதோடு, மின்சாரம் தடைப்படுங்கால் விளக்கெரியும்பொருட்டு இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளும் அநேகம். இவை எல்லாவற்றிலும் ஈயப் பாட்டரி உண்டு. அது சில வருஷங்களில் ஓய்ந்துபோகிறது. புதியதை வாங்குவதில் காட்டும் கவனத்தில் காற்பங்கேனும் பழையதை விற்பதில் நமது குடியானவர்கள் காட்டுவதில்லை. அதனால் கைப்பொருள் நஷ்டமாவதுமன்றி, அதனினும் பெரிய கேடும் விளைகிறது.

சென்ற கோடையில் வேங்கிக்காலுக்கு அடுத்த ஒரு கிராமத்தில், மாட்டுக் கொட்டகையருகே ஊர்சுற்றி வியாபாரி ஒருவன் இரண்டு பழைய பாட்டரிகளை எடைபோட்டு வாங்கினான். "திராவகத்துக்கு விலையில்லை" என்று சொல்லி, அவற்றை அவ்விடத்திலேயே கவிழ்த்துக் கொட்டினான். ஒன்றை உடைத்துத் தகடுகளையும் பார்த்தான். நான் அவ்வழியே சென்றும், அது பயிர்த்தொழிலைச் சேர்ந்த காரியமன்றென்று கருதி வாளாவிருந்துவிட்டேன். சில தினங்களுக்குப்பின் அவ்வீட்டுக் கன்று ஒன்று கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நின்று, மூன்றாம் நாள் இறந்தது. ஈயத்தின் விஷமே காரணமென்று கால்நடை வைத்தியர் கூறினார். கன்று போனதைவிட, தம் பேரன் அதே தரையில் தவழ்ந்து விளையாடியதை நினைத்தே அக்குடியானவர் அதிகம் கலங்கினார். அன்று நான் சொல்லத் தவறியதை இங்கு எழுதுகிறேன்.

பாட்டரியில் உள்ள வஸ்துக்கள்

ஈயப் பாட்டரியை 1859-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாண்டே என்பவர் கண்டுபிடித்தார். அதன் அமைப்பு இன்றும் பெரிதும் மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரியில் ஏறக்குறைய 2 வோல்ட் வீதம் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் காரீயத் தகடுகளும், ஈய ஆக்ஸைடு பூசிய தகடுகளும், ஜலம் கலந்த கந்தகத் திராவகமும் இருக்கின்றன. மேற்கூடு பிளாஸ்டிக்காலானது. இதில் காரீயமே அதிக விலை பெறுவது. பழைய பாட்டரியின் காரீயத்தை உருக்கிச் சுத்தம் செய்து மறுபடியும் புதிய பாட்டரிக்கு உபயோகிக்கலாமாதலால், ஓய்ந்த பாட்டரி குப்பையன்று. அது ஒரு சரக்கு.

நமது பெண்டிர் ரஸம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலானது. பாட்டரியில் உள்ளதோ காரீயம், இது விஷம். பாட்டரி ஈயத்தை உருக்கிப் பாத்திரங்களுக்குப் பூசுவதும், சமையற் கலங்களில் ஓட்டை அடைப்பதும் அடியோடு கூடாது. புளிப்புப் பண்டங்களில் அது கரைந்து உடம்பிற் சேரும்.

விற்குமுன் சோதித்தல்

யந்திரம் கிளம்பாத மாத்திரத்தில் பாட்டரி செத்துவிட்டதென்று முடிவு செய்யலாகாது. முனைகளில் பூத்திருக்கும் வெண்மையும் நீலமுமான பூஞ்சணத்தைச் சோடா உப்பு கலந்த ஜலத்தால் துடைத்து, கம்பிகளை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். மூடி திறக்கும் வகையாயின், முழுச் சார்ஜ் ஏற்றியபின் திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ராமீட்டரால் அளக்க வேண்டும். நல்ல பாட்டரியில் அது 1.26-க்கு மேல் காட்டும். எல்லா அறைகளிலும் ஒரே அளவாய்க் குறைந்திருந்தால், இன்னும் சார்ஜ் ஏறவேண்டியிருக்கலாம். ஓர் அறை மாத்திரம் மற்றவற்றினும் மிகக் குறைந்து நின்றால், அவ்வறை கெட்டதென்று அறியலாம். இச்சோதனையைச் செய்யாமல், இன்னும் ஒரு வருஷம் உழைக்கக்கூடியதைப் பழைய விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு.

எடையும் விலையும்

காரீயத்தின் விலை லண்டன் உலோகச் சந்தையை ஒட்டி நாள்தோறும் மாறுவதால், பழைய பாட்டரியின் விலையும் மாறும். ஆதலின் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தே விற்க வேண்டும். விசாரிக்கும்போது, கிலோவுக்கு எவ்வளவு என்று மாத்திரம் கேட்டால் போதாது. திராவகத்தோடு சேர்த்து எடையா, திராவகம் நீக்கிய எடையா என்பதையும் கேட்டல் அவசியம்.

கணக்கைக் காட்டும்பொருட்டு ஓர் உதாரணம் கூறுவோம். 24 கிலோ நிறையுள்ள ஒரு பாட்டரியில் திராவகம் 7 கிலோ என்று கொள்க. ஊர்சுற்றி வியாபாரி திராவகம் நீக்கிக் கிலோவுக்கு 60 ரூபாய் தருவதாகச் சொன்னால், 17 கிலோவுக்குக் கிடைப்பது 1,020 ரூபாய். கடைக்காரர் முழு எடைக்குக் கிலோ 45 ரூபாய் தந்தால், கிடைப்பது 1,080 ரூபாய். காதுக்கு இனிய விலை கைக்குக் குறைவாய் வந்ததைக் காண்க. புதிய பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் தள்ளுபடி பெறுவது பெரும்பாலும் சௌகரியமானது. தராசில் முத்திரை உண்டா என்று பார்த்து, ரசீதும் கேட்டுப் பெறுக.

உடைப்பதால் வரும் கேடு

திராவகம் தோலையும் கண்ணையும் சுடும். மண்ணைப் புளிக்கச் செய்து பயிரைக் கருக்கும். இதையாவது சுண்ணாம்பிட்டு ஒருவாறு மாற்றலாம். காரீயமோ மண்ணில் மக்குவதில்லை. மேல்மண்ணிலேயே தலைமுறைகளுக்குத் தங்கும். அவ்விடத்து வளரும் கீரையிலும் கிழங்கிலும் அதன் தூள் படியும். பாட்டரித் தகடுகளில் ஒருவித உவர்ப்பிருப்பதால் மாடுகள், முக்கியமாய்க் கன்றுகள், அவற்றை விரும்பி நக்கும். பல்லைக் கடித்தல், வாயில் நுரை, பார்வை மங்கல், தலையை முட்டி நிற்றல் ஆகியவை இவ்விஷத்தின் குறிகளாம். கறவை மாட்டின் பாலிலும் ஈயம் இறங்கக்கூடும்.

குழந்தைகளுக்கு விளையும் தீங்கு இன்னும் கொடியது. பெரியவர்களைக்காட்டிலும் நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சுகிறதென்றும், தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லையென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மூளையின் வளர்ச்சி குன்றி, படிப்பும் புத்தியும் கெடும், கெட்டது திரும்புவதில்லை.

அற்ப லாபத்துக்காக இத்தொழிலைக் கைக்கொண்ட ஊர் ஒன்றின் கதி நமக்குப் பாடமாகும். ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்துத் தலைநகரான டக்காரை அடுத்த தியாரோய் என்னுமிடத்தில், ஜனங்கள் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தனர். ஈயத்தூள் கலந்த மண்ணையும் சலித்து விற்றனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையில் அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். சலித்தவர்கள் அறியாமற் செய்ததே அது. நமக்கோ அறியோம் என்று சொல்ல இடமில்லை.

சட்டமும் கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையும்

பழைய பாட்டரிகளைக் கடைக்காரர்கள் திரும்பப் பெறவேண்டுமென்று 2001-ம் வருஷத்திலேயே இந்திய ஸர்க்கார் விதி செய்தது. அதற்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் புதிய பாட்டரிக் கழிவு விதிகள் வந்தன. அவற்றின்படி, உபயோகிப்பவர் பழைய பாட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே வைத்து, அதைச் சேகரிப்போரிடமோ புதுப்பிப்போரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஈயத்தைப் பிரிப்போர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொண்டவர்களாயிருக்க வேண்டும்.

ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ இரவில் ஈயம் உருக்கப்படுமாயின், கிராம உத்தியோகஸ்தர்கள் உடனே தடுத்து, மேற்படி வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் தெரிவிப்பார்களாக. நமது ஜில்லாக் குடியானவர்கள் வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் இதைச் சொல்லலாம்.

கவனிக்கவேண்டியவை

1. ஓய்ந்த பாட்டரியை நிமிர்த்தியே, பிளாஸ்டிக் தட்டில், குழந்தைகளும் மாடுகளும் அணுகாத இடத்தில் வைக்கவும்.
2. திராவகத்தைக் கொட்டாமலும் கூட்டை உடைக்காமலும் முழுதாகவே விற்கவும்.
3. சிந்தினால் சுண்ணாம்பு அல்லது சோடா உப்பு தூவி, அம்மண்ணைத் தனியே அள்ளவும்.
4. பாட்டரியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவையும் குழந்தையையும் தொடவும்.

பழைய பாட்டரிக்கு வரும் கிரயம் ஒரு நாள் செலவுக்கு உதவும். அதைக் கொட்டிய தரையோ பேரப்பிள்ளைகள் காலம்வரையில் கணக்குக் கேட்கும். ஆகையால் முழுதாக விற்று, ரசீது பெற்று, நிலத்தையும் வீட்டையும் காப்பாற்றிக்கொள்வார்களென்று நம்புகிறோம்.