கனவை நினைவில் நிறுத்துவோம்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழே தொடர்வண்டி கடந்து சென்ற ஓசையில் சிறுமி ஒருத்தி கண்விழித்தாள். "பாட்டி, கனவில் தாத்தா வந்தார்!" என்று கூவிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டு ஆவலோடு திரும்பினார். தாத்தா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. "என்ன சொன்னார், கண்ணு?" என்று கேட்டார். சிறுமிக்குச் சொல் எழவில்லை. திருவண்ணாமலையில் உள்ள ஊர்வீட்டுத் திண்ணை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சற்றுமுன் கேட்ட சொற்கள் எங்கே போயின?

மாணவர்களே! இவ்வனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருக்கும். நாம் இரவு முழுவதும் ஒரே வகையில் உறங்குவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை உறக்கத்தின் நிலைகள் சுழன்று வருகின்றன. அவற்றுள் ஒரு நிலையில், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் 1953-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். அந்நிலையில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தாம் கண்ட கனவைக் கூறினர். விடியல் நெருங்க நெருங்க இந்நிலை நீள்கிறது. ஆகவே, உறக்கத்தைக் குறைப்பவர் கனவையும் இழக்கிறார். மேலும், கனவு காணும் வேளையில் மூளை புதிய நினைவுகளை நன்கு பதித்துக்கொள்வதில்லை. விழித்தவுடன் பற்றிக்கொள்ளாத கனவு விரைவில் மறைந்துவிடுகிறது.

கணித மேதை இராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தமக்குச் சூத்திரங்களை உணர்த்துவதாகக் கூறுவார். படுக்கையிலிருந்து எழுந்ததும் அவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னர்ச் சரிபார்ப்பார் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

ஆஸ்திரியாவில் பணியாற்றிய அறிஞர் ஓட்டோ லோவி, ஓர் ஆய்வு முறையைக் கனவில் கண்டார். நள்ளிரவில் விழித்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் தம் கையெழுத்தே அவருக்கு விளங்கவில்லை! மறுநாள் இரவும் அவ்வெண்ணம் தோன்றியது. இம்முறை உடனே ஆய்வகத்திற்குச் சென்று, தவளைகளின் இதயங்களைக் கொண்டு சோதனை செய்தார். நரம்புகள் வேதிப்பொருளின் வழியாகச் செய்தி அனுப்புகின்றன என்பது அதனால் புலனாயிற்று. 1936-இல் அவர் நோபல் பரிசைப் பெற்றார்.

கனவை நினைவில் நிறுத்த நாமும் பழகலாம். போதிய நேரம் உறங்க வேண்டும். தலையணை அருகே குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கட்டும். "காலையில் என் கனவை நினைவுகூர்வேன்" என்று எண்ணியவாறே படுக்க வேண்டும். விழித்ததும் அசையாமல், கண்களைத் திறக்காமல் சற்றுநேரம் கிடக்க வேண்டும். கடைசியாகக் கண்ட காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் நிகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பிறகு இடம், ஆள், ஒலி ஆகியவற்றை உடனே எழுத வேண்டும். காட்சி மறைந்திருந்தால், மனத்தில் எஞ்சிய அச்சத்தையோ மகிழ்ச்சியையோ குறித்தாலும் போதும். கனவில் தோழி கன்னடத்தில் பேசினால் கன்னடத்திலும், தாத்தா தமிழில் பேசினால் தமிழிலும் எழுதுங்கள். அவரவர் சொல்லில்தான் அவரவர் குரல் இருக்கிறது.

அச்சிறுமியும் இவ்வாறே பழகினாள். முதல் நாள் குறிப்பேடு வெறுமையாக இருந்தது. மூன்றாம் நாள் "மழை" என்னும் ஒரே சொல் கிடைத்தது. இருபதாம் நாள் தாத்தா மீண்டும் கனவில் வந்தார். இம்முறை அவள் எழுந்து ஓடவில்லை. கண்மூடிக் கிடந்து, நினைத்துப் பார்த்து, பின்னர் எழுதினாள்: "திண்ணை. முருங்கை மரம். தாத்தா கேட்டார், 'சாப்டியா, கண்ணு?'"

பாட்டி அவ்வரியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

சொற்பொருள்

புலனாயிற்று – தெரியவந்தது
நினைவுகூர்தல் – மீண்டும் நினைத்தல்
எஞ்சிய – மீதமிருந்த

வினாக்கள்

1. உறக்கத்தைக் குறைப்பவர் கனவையும் இழப்பது ஏன்?
2. லோவி முதல் நாள் இரவு செய்த தவறு யாது?
3. சிறுமியின் முதல் நாள் செயலையும் இருபதாம் நாள் செயலையும் ஒப்பிட்டு எழுதுக.
4. "சாப்டியா, கண்ணு?" என்பதை எழுத்து வழக்கில் மாற்றுக. மாற்றியபின் அதில் எது குறைகிறது? கலந்துரையாடுக.

செயல்பாடு

ஏழு நாள்கள் கனவுக் குறிப்பேடு எழுதுக. அவற்றுள் ஒரு கனவை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் கூறுக.