அனுமதி மறுக்கும் ஹார்ட் டிஸ்க்

கல்பாக்கத்திற்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் இடையே, அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென எழுந்த அணுபுரத்தில், உயிர்நீத்த கணினிகளினின்று கழற்றிய ஹார்ட் டிஸ்குகள் அலமாரிகளில் தூசி படிந்து கிடப்பது சகஜம். நண்பர் ஒருவர், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கல்பாக்கம் குடியிருப்பில் தாம் எடுத்த புகைப்படங்கள் அடங்கிய அத்தகைய டிஸ்க் ஒன்றை என்னிடம் கொடுத்து, "சார், இதுல இருக்கறத எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

லினக்ஸின் எக்ஸ்ட் 3 முறையில் எழுதப்பட்ட அதை விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்ததும், அம்முறையைப் படிக்க அறியாத விண்டோஸ், ஃபார்மட் செய்யலாமா என்று விநயமாகக் கேட்டது. அந்த விநயத்துக்கு இணங்குவதைவிடப் பெரிய அனர்த்தம் இல்லை. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி நிரலில் நிறுவியிருந்த லினக்ஸிடமே டிஸ்கை ஒப்படைக்கக் கருதி, நிஜ டிஸ்கைச் சுட்டுவதன்றித் தன்னுள் தரவு எதுவும் கொள்ளாத சிறிய விஎம்டிகே கோப்பை உருவாக்க முனைந்தபோது, அனுமதி இல்லை என்ற பதிலே கிடைத்தது.

இவ்விடத்தில் டிஸ்க் கெட்டுவிட்டதென்று முடிவுகட்டுவது அவசரபுத்தி. நான் கண்ட வரையில், இத்தகைய மறுப்புகளுள் பெரும்பாலானவை டிஸ்கின் வியாதியால் அல்ல, அதன்மேல் யாருக்கு உரிமை என்ற வழக்கால் எழுபவை. விண்டோஸில் நிஜ டிஸ்கை நேராகத் தொட அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டும். கோப்பை உருவாக்கும்போது மட்டும் அவ்வதிகாரத்தைப் பெற்று, பிறகு விர்ச்சுவல்பாக்ஸைச் சாதாரணமாகத் திறப்பவர்கள், நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்று வியப்பார்கள். அதிகாரம் கிட்டிய பின்னும், விண்டோஸ் தன் பிடியில் வைத்திருக்கும் பகுதிகளில் பிறர் எழுதுவதை விஸ்டா காலந்தொட்டுத் தடுத்தே வருகிறது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவி மூலம் அந்த டிஸ்கை 'ஆஃப்லைன்' செய்தால் அது தன் பிடியை விடும். இத்தடையை நான் குறைகூற மாட்டேன். ஒரே டிஸ்கை இரு இயங்குதளங்கள் ஏககாலத்தில் தமதென்று எண்ணி எழுதினால், கோப்பு முறை சிதைவது நிச்சயம்.

இதனினும் ஆபத்தானது எண்ணின் மாற்றம். விஎம்டிகே கோப்பு டிஸ்கை விண்டோஸ் அதற்கு இட்ட எண்ணால் அறிந்திருக்க, கேபிளைக் கழற்றி மாட்டினாலோ கணினியை மறுபடி துவக்கினாலோ அவ்வெண் வேறொரு டிஸ்குக்குப் போய்விடக்கூடும். ஒவ்வொரு முறையும் கொள்ளளவையும் மாடல் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மெய்நிகர் கணினியைத் துவக்குவது என் வழக்கம். மடிக்கணினியிலேயே லினக்ஸ் வைத்திருப்போர், எஸ்டிபி என்ற நிலையற்ற பெயரை விடுத்து, டிஸ்கின் சீரியல் எண்ணை உட்கொண்ட நிலையான பெயரைப் பயன்படுத்தலாம். அனுமதிக்காகத் தம்மை 'டிஸ்க்' குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் யோசனையை மட்டும் நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் அது ரூட் அதிகாரத்தையே கொடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

உரிமை தீர்ந்த பிறகும் டிஸ்க் தோன்றித் தோன்றி மறைந்தால், ஸ்தூலமான காரணங்களைத் தேட வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்குக்கு 5 வோல்ட் போதாது, 12 வோல்ட்டும் வேண்டும். ஆகவே யுஎஸ்பி கேபிளுடன் தனி அடாப்டர் அவசியம். ஐடிஇ டிஸ்காயின் ஜம்பரை 'மாஸ்டர்' நிலையில் வைப்பது பெரும்பாலும் உதவும். உப்புக் காற்று வீசும் இக்கடற்கரைப் பிரதேசத்தில் ஊசிமுனைகளில் பச்சை பூத்திருப்பதும் உண்டு.

இனி, படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் எதுவும் எழுதப்படாது என்ற நம்பிக்கை எக்ஸ்ட் 3 விஷயத்தில் முற்றும் மெய்யன்று: முறையாக மூடப்படாத டிஸ்காயிருப்பின், ஜர்னலில் எஞ்சிய வேலையை லினக்ஸ் அப்போதும் முடிக்க முயலும், 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேர்த்தாலே அது தவிர்க்கப்படும். மெய்நிகர் கணினிக்கு முழு டிஸ்கையே தருவது 1972-இல் ஐபிஎம் வெளியிட்ட விஎம்/370-இலேயே கண்ட வழிதான் என்றாலும், முதிய டிஸ்கை அவ்வாறு நெடுநேரம் சுழலவிட எனக்கு மனமில்லை. டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் முழுப் படிமத்தை முதலில் எடுத்து, விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்கும் வடிவுக்கு அதை மாற்றி, மேற்கொண்டு தேடுவதையெல்லாம் அந்தப் படிமத்தில் நடத்துவதே உசிதம். படிக்க இயலாத இடங்களைக் குறித்து வைக்கும் டிடிரெஸ்க்யூவின் மேப் கோப்பைப் பத்திரப்படுத்தினால், மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.